ஜீப்பில் ஏறிப் போன ஓவிய வகுப்பு

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். வீரபாண்டி கௌமாரி சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். இப்போது கடையில் விற்கிற சூடம் நாம் அணைப்பதற்கு முன்னால் தானே அணைந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்; அந்தக் குற்றம் சத்தியத்தைச் சேராது. கதையில் வருகிற டீச்சர் வேதக்காரர் என்பதால் ராயப்பன்பட்டி மாதா கோயில் வாசலில் முழங்கால் போட்டும் சொல்லலாம். வயதான முழங்கால், அதிக நேரம் தாங்காது. அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

கோம்பையைத் தாண்டி மலையைப் பார்க்கப் போகிற சாலையில் தார் எங்கே தீர்ந்துபோகிறதோ, அங்கே தோகைக்கரடு. ஊருக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பள்ளிக்கு ஓர் ஓவிய டீச்சர், இவாஞ்சலின். பகுதி நேர வேலை. வாரத்தில் மூன்று அரை நாள் வர வேண்டும். அந்த மூன்று அரை நாளில் சத்துணவு முட்டை எண்ணுவது, பதிவேடுகளுக்கு அட்டை போடுவது, அதிகாரிகள் வந்தால் வாசலில் கோலம் போடுவது எல்லாம் போக, ஓவியத்துக்கென்று மிஞ்சியது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் ஒன்றுதான். மூன்று இருபதுக்குத் தொடங்கும், நான்கு மணிக்கு முடியும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபத்து நான்கு பேரும் வராந்தாவில் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு வரைவார்கள். தாள், பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கம். வண்ணம், இஸ்திரி வண்டிக்காரர் தட்டிக் கொட்டுகிற கரித்துண்டு.

டீச்சரிடம் ஊரறிந்த ஒரு குறை உண்டு. எந்தப் படத்தையும் பார்த்து அருமை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

"நீ வரைஞ்சது நாய் இல்ல. நாயைப் பத்திக் காதால கேட்டவுக வரைஞ்சது. எந்திரிச்சுப் போயி ஒரு நாயைப் பாத்துட்டு வா" என்பாள்.

தோகைக்கரட்டில் நாய் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கறுத்த மூஞ்சியும் செவலை உடம்புமாகக் கோம்பை நாய் ஒன்றாவது பள்ளிக்கூட வாசலில் படுத்திருக்கும். ஏழாம் வகுப்பு சினேகா அதைப் பார்த்துப் பார்த்து எட்டு வாரம் வரைந்தாள். எட்டு வாரமும் டீச்சர் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "பின்னங்கால் மடங்குற எடம் இது இல்ல." சினேகா கோபித்துக்கொள்ளவில்லை. எட்டு முறையும் இன்னொரு தாள் எடுத்துக்கொண்டு போய் நாய்க்குப் பின்னால் உட்கார்ந்தாள். நாய்க்குத்தான் சங்கடமாக இருந்தது.

இப்படி யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்த அநியாயத்தை அரசின் எண்ணிமக் கலைப் பங்கேற்பு இயக்ககம் (எண்ணிமம் என்றால் டிஜிட்டல்) ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டது.

தலைமையாசிரியர் அழகுமலை சுற்றறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கே வந்தார். பதினோரு பக்கம். அதில் ஒன்பது பக்கம் யார் யாருக்கு நகல் என்ற விவரம்.

"டீச்சர், இங்கன வாங்க. வண்ணத்திரள்னு ஒரு இணையதளம் தொறந்திருக்காகளாம். பிள்ளைக எல்லாம் அதுலதான் படம் வரையணும். ஒருத்தர் படத்தை ஒருத்தர் பாத்து விருப்பம் போடணும், கருத்துச் சொல்லணும். டிசம்பர் முடியறதுக்குள்ள நூத்துக்கு நூறு பங்கேற்பு வரலைன்னா, ஒங்க போஸ்ட்டை உபரின்னு சொல்லி எடுத்துருவாக. அறுபத்து மூணு பிள்ளை வரைஞ்சாலும் பத்தாது."

"நூறு வந்துட்டா சார்?"

அழகுமலை பதினோரு பக்கத்தையும் ஒரு தரம் புரட்டினார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

"போஸ்ட் போச்சுன்னா இந்தப் பீரியடு?"

"கணக்கு சார் கேட்டு ரெண்டு வருசமாச்சு, டீச்சர். நான்தான் குடுக்காம இழுத்துட்டு வாரேன்."

ஆக, டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அறுபத்து நான்கு என்ற எண்ணைத் தொட்டால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இருக்கும். தொடாவிட்டால் வராந்தாவில் வாய்ப்பாடு கேட்கும்.

பயிற்சி முகாம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளை இன்னும் கழற்றவில்லை. மேடையில் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவில் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் சூரியபிரகாஷ் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கன்னத்தில் ஒட்டிய மைக், பேசும்போது மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"நண்பர்களே, ஓவியம் என்றால் வரைவது என்று நம் முன்னோர் நினைத்தார்கள். அவர்களிடம் இணையம் இல்லை, மன்னித்துவிடலாம். இனிமேல் ஓவியம் என்றால் பகிர்வது. ஒரு குழந்தை வரைந்தது நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. எத்தனை பேர் விரும்பினார்கள் என்று கேட்போம். நான் பள்ளியில் ஓவியத்துக்கு நூற்றுக்கு மூன்று வாங்கியவன். அதனால்தான் இந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எந்த ஓவியத்தின் மேலும் விருப்பும் கிடையாது, வெறுப்பும் கிடையாது."

மண்டபம் கைதட்டியது. மதியம் பிரியாணி என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பிறகு விதிகளைச் சொன்னார். கையால் வரைந்த படத்தைப் போட்டோ எடுத்து ஏற்றக்கூடாது, நிழல் விழுகிறது. தளத்தில் உள்ள கருவிகளால்தான் வரைய வேண்டும். மாணவர் பாதுகாப்புக் கருதி, பள்ளிப் பதிவேட்டில் உள்ள கைபேசிக்கு ஒரு ரகசிய எண் வரும். எந்தக் கைபேசிக்கு எண் வருகிறதோ அதே கைபேசியில் மூன்று நிமிடத்துக்குள் வரைந்து முடிக்க வேண்டும். மாணவர் நலன் கருதி, தளம் பள்ளி நேரத்தில் மட்டுமே திறக்கும். மாணவர் மனநலன் கருதி, கருத்துகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன: அருமை, மிக அருமை, மிக மிக அருமை. இந்த மூன்றில் எதையும் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இவாஞ்சலின் எழுந்தாள்.

"சார், எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு போன்தான். அதை அம்மாமாரு விடியறதுக்கு முன்னாடியே ஏலக்காட்டு வேலைக்கு எடுத்துட்டுப் போயிருவாக. கம்பம்மெட்டு ஏறி, கேரளாவுக்குள்ள. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எறங்கும்."

"எது இறங்கும்?"

"ஜீப்பு சார். போனும் அதுலதான் வரும்."

சூரியபிரகாஷ் கனிவாகச் சிரித்தார். "டீச்சர், இது தொழில்நுட்பப் பிரச்சனை இல்லை. மனநிலைப் பிரச்சனை. கைபேசி எங்கே இருந்தால் என்ன? முக்கியம், அது குழந்தையின் கையில் இருக்க வேண்டும்."

அடுத்துச் செய்முறைப் பயிற்சி. திரையில் ஒரு மாம்பழம் வந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் 'சொந்தக் கருத்து' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் ஆளுக்கொரு கருத்து எழுத வேண்டும். மண்டபத்தில் மற்ற நூற்றிருபது பேரும் 'அருமை' என்று எழுதினார்கள். இவாஞ்சலின் பார்த்தாள். பழக்கதோஷம், கை முந்திக்கொண்டது. 'காம்பு தப்பான இடத்தில் முளைத்திருக்கிறது. ஒரு மாம்பழத்தைப் பார்த்து மறுபடி வரையவும்.'

திரை சிவந்தது. 'எதிர்மறைப் பங்கேற்பு. முதல் எச்சரிக்கை. மூன்றாம் எச்சரிக்கையில் கணக்குப் பூட்டப்படும்.' மாம்பழத்தை வரைந்தவர் சூரியபிரகாஷ் என்பது பிரியாணி வரிசையில்தான் தெரிந்தது.

மறுநாளே தன்னைத் திருத்திக்கொள்ள டீச்சர் முடிவு செய்தாள். அவள் போனில் மாதிரிப் படமாக ஒரு மயில் வந்தது. மயிலுக்கு மூன்று கால். அவள் மூன்றாவது காலைப் பார்த்தாள், 'அருமை' என்ற பொத்தானைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள். நான்கு நிமிடம் கழித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். திரை மீண்டும் சிவந்தது. 'நாற்பது நொடிக்கு மேற்பட்ட தயக்கம் எதிர்மறைப் பங்கேற்பாகக் கருதப்படும். இரண்டாம் எச்சரிக்கை.'

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று இருபதுக்கு டீச்சர் தன் போனில் 'வகுப்பு தொடங்குக' என்பதை அழுத்தினாள். அறுபத்து நான்கு ரகசிய எண்கள் வராந்தாவில் படுத்திருந்த அறுபத்து நான்கு பிள்ளைகளின் தலைக்கு மேலாகப் பறந்து, மலை ஏறி, எல்லை தாண்டி, ஏலச் செடிகளுக்கு நடுவில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்த நாற்பத்தொரு தாய்மாரின் இடுப்பில், வீட்டுக்கு எத்தனை பிள்ளையோ அத்தனை முறை சிணுங்கின. மூன்று நிமிடத்தில் எல்லாம் செத்துப்போயின. பங்கேற்பு பூஜ்யம்.

அன்று ஐந்து மணிக்கு டீச்சர் ஜீப் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். நான்கு ஜீப்பும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து பெண்களை உதிர்த்தன. எல்லார் கையும் ஏலக்கறையில் கறுத்திருந்தது. டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் மூத்தவள் பஞ்சம்மாள். பேத்தி ஆறாம் வகுப்பு. தலையில் பெரிய கொண்டை, வாயில் வெற்றிலை.

"இருங்க டீச்சரம்மா. பிள்ளைக பள்ளிக்கூடத்துல கெடக்கும். நாங்க காட்டுல நின்னு அதுக படத்தை வரையணும். அப்படித்தான?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "வரைய வேணாம். சும்மா ஒரு கோடு இழுத்து அனுப்புனாப் போதும்."

"அப்ப அதுக சோத்தையும் நாங்களே தின்னுட்டு, வயிறு நெறஞ்சுதான்னு அதுகளைக் கேக்கலாமா?"

"சும்மா இரு மதினி" என்றாள் சினேகாவின் அம்மா நதியா. "அதுக்கு டீச்சர் என்ன செய்வாக? படம் வரலைன்னா அவுக வேலை போயிருமாம்ல."



"வேலை போயிருமா" என்றாள் பஞ்சம்மாள். வெற்றிலையைத் துப்பினாள். "அதை மொதல்ல சொல்ல வேண்டியதுதான. வேலை போறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? எந்தப் பொத்தானு, காட்டுங்க."

ஓவியக் கல்வியில் பொதுமக்கள் பங்கேற்பு என்பது அன்று சாயங்காலம் ஐந்தே காலுக்கு, மண் சாலையில், இப்படித்தான் ஆரம்பமானது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கீழே பிள்ளைகள் கரித்துண்டால் வரைந்தார்கள். மேலே தாய்மார் கட்டைவிரலால் வரைந்தார்கள். ஏலக்காட்டில் எண் எங்கே நின்றாலும் வரும்; படம் போகிற அளவுக்குச் சிக்னல் ஒரே ஒரு பாறை மேல்தான் கிடைக்கும். நாற்பத்தொரு பேரும் அதில் ஏறி நின்றதை பஞ்சம்மாள் இறங்கி வந்து டீச்சரிடம் சொன்னாள்.

"சூப்பர்வைசர் ஓடி வந்தான் டீச்சரம்மா. எந்தா சேச்சி, பணி இல்லே, வேலை வெட்டி இல்லையான்னு கேட்டான். நான் சொன்னேன், சாரே, இது தமிழ்நாட்டு அரசாங்க வேலை, கவுரவமாப் பேசும்னு. அந்தப் பெட்டியில ஊர்ப் பெரியவரு ஒருத்தரு விருப்பம் போடணும்னு கேட்டுச்சு. ஊர்ப் பெரியவருக்கு அந்தக் காட்டுக்குள்ள எங்க போக? அவனையே போட்டுட்டோம். இப்ப அவன்தான் நம்ம பள்ளிக்கூடத்துக்கு சமூக வழிகாட்டியாம். மூணு மணியானா அவனே வந்து பாறைக்குக் கூப்புடுறான்."

தளத்தில் படங்கள் குவிந்தன. தாய்மார் வரைந்ததற்குப் பிள்ளைகளின் பெயர் விழுந்தது. ஒருத்தி ஒரு சாக்கு வரைந்தாள். ஒருத்தி இடுப்பு வலிக்கு என்ன வடிவம் என்று தெரியாமல் ஒரு முக்கோணம் போட்டாள். அதற்கு இருநூறு விருப்பம். முதல் வாரம் நதியாவுக்கு விரல் பதியவே இல்லை. காய் எடுத்து எடுத்து ரேகை தேய்ந்த விரல். அழுத்தித் தேய்த்தாள். திரை முழுக்கக் கறுப்பு அப்பிக்கொண்டது. அழிக்கப் பார்த்தாள், இன்னும் கறுத்தது. அதற்குள் மூன்று நிமிடம் முடிந்து படம் போய்விட்டது. கீழே பெயர்: சினேகா, ஏழாம் வகுப்பு.

டிசம்பர் இரண்டாம் வாரம் பங்கேற்பு நூற்றுக்கு நூறு. அழகுமலை தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். டீச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டாள், வாயில் போடவில்லை. பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்ல ஓவியப் பீரியடில் அவளுக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை. இனி வந்தாலும் சொல்ல முடியாது.

மூன்று நாளில் தேனியிலிருந்து போன். சினேகாவின் கறுப்புப் படம் மாவட்டத்தில் முதல் பரிசு. அதே கல்யாண மண்டபத்தில், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விழா. இந்த முறை தெர்மாகோலில் வேறு ஜோடி.

சூரியபிரகாஷ் படத்தைத் திரையில் போட்டார். மண்டபம் இருட்டாகிவிட்டது.

"பாருங்கள். இது வெறும் கறுப்பு இல்லை. மலையடிவாரத்தில் ஒரு ஏழாம் வகுப்புக் குழந்தையின் மனது. இந்தக் குழந்தை நம்மிடம் என்ன கேட்கிறது? சோறு கேட்கவில்லை. வெளிச்சம் கேட்கவில்லை. சிக்னல் கேட்கிறது. இதைப் பார்த்து நான் இருபது நிமிடம் அழுதேன். இருபத்தோராம் நிமிடம் இதை மாநில அலுவலகத்துக்கு அனுப்பினேன். இப்போது அந்தக் குழந்தையே நம் முன்னால் நேரடியாக ஒரு படம் வரையும்."

சினேகாவை மேடையில் ஏற்றினார்கள். ஆள் உயரத்துக்குத் தொடுதிரை. அவள் விரலை வைத்தாள். திரை ரகசிய எண் கேட்டது. எண் அவள் அம்மாவின் போனுக்குப் போனது.

மேடையில் பதினான்கு அதிகாரிகள் கைகட்டி நின்றார்கள். இவாஞ்சலினுக்கு முதல் வரிசையில் இருக்கை, உட்கார முடியவில்லை. எண் வராது, மூன்று நிமிடம் முடியும், யாராவது ஏன் என்று கேட்பார்கள், இந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும், போஸ்ட் போகும். அவ்வளவுதான் நடக்கப்போகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

நடந்தது வேறு. மலை மேல் நதியா பொறுப்பான பெண். எண் வந்தால் பாறை ஏற வேண்டும், பாறை ஏறினால் வரைய வேண்டும், இல்லையென்றால் டீச்சருக்கு வேலை போய்விடும். கிழமை வெள்ளியா புதனா என்று அவள் பார்க்கவில்லை.

மண்டபத்துத் திரையில் யாரும் தொடாமல் ஒரு கோடு கிளம்பியது.

சினேகாவின் இரண்டு கையும் பாவாடைப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. கோடு தன்பாட்டுக்கு நகர்ந்தது. ஒரு பெட்டி ஆனது. அதன் முன்னால் இன்னொரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் வட்டம் வட்டமாகத் தலைகள். ஏழு வெள்ளிக்கிழமையில் நதியாவுக்கு விரல் படிந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. இவாஞ்சலின் உதடு அசைய எண்ணினாள். ஏழாவது தலைக்கு மட்டும் பெரிய கொண்டை. பதினோரு தலை ஆனது. சக்கரம் போடுவதற்குள் மூன்று நிமிடம் முடிந்து, ஜீப் அப்படியே அந்தரத்தில் நின்றது.

 சினேகா மைக்கைப் பார்த்துச் சொன்னாள்: "எங்காத்தா வரையுது சார். மேல இருந்து. அந்தக் கறுப்பும் அது வரைஞ்சதுதான். என்னது நாயி. அதை ஏத்த முடியலை."

சூரியபிரகாஷ் மைக்கைக் கையால் பொத்தினார். அவர் முகத்தில் ஒரு நொடி வெளிறல் தெரிந்தது. அடுத்த நொடி அது வெளிச்சமாக மாறியதை இவாஞ்சலின் கண்ணால் பார்த்தாள். ஒரு மனிதர் பதவி உயர்வைக் கண்டுகொள்கிற முகம் அது.

"நண்பர்களே, குழந்தை உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது. ஆனால் என்ன நடந்தது பார்த்தீர்களா? தாள் இல்லை. மாணவர் தொடவில்லை. ஆசிரியர் பக்கத்தில் இல்லை. ஓவியம் மட்டும் வந்துவிட்டது. உலகத்தில் எங்கேயும் இல்லாத முன்மாதிரி. இத்தனை நாள் ஓவியக் கல்விக்கு இடைஞ்சலாக இருந்தவர்கள் யார் என்று இன்றைக்கு நமக்குத் தெரிந்துவிட்டது."

கைதட்டு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் திரை 'சக மாணவர் கருத்து' கேட்டது. கணினிக்காரர் சினேகாவிடம் குனிந்து, "அருமையா, மிக அருமையா பாப்பா?" என்றார்.

சினேகா படத்தை நன்றாகப் பார்த்தாள். பின்னால் இரண்டடி நகர்ந்து, தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். அவளுக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தது அப்படித்தான்.

"சக்கரம் தவிர ஜீப்பு சரியா இருக்கு. ஆனா எல்லாத் தலையும் ஒரே அளவா இருக்கு. பின்னால உக்காந்திருக்கவுக சின்னதாத் தெரியணும். டீச்சர் சொல்லிருக்காக."

அந்தக் கணினிக்காரர் நேர்மையானவர். மூன்று அருமையிலும் அது அடங்காததால், டீச்சரின் 'சொந்தக் கருத்து' பெட்டியில் சொன்னதை அப்படியே அடித்தார். ஜீப்பின் மேல், பதினோரு தலையின் மேல், கொட்டை எழுத்தில் சிவப்பு விழுந்தது. 'எதிர்மறைப் பங்கேற்பு. மூன்றாம் எச்சரிக்கை. பொறுப்பு: இவாஞ்சலின், ஓவிய ஆசிரியர். கணக்குப் பூட்டப்பட்டது.'

திரும்பி வருகிற பேருந்தில் பரிசுக் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு சினேகா கேட்டாள், "நான் சொன்னது தப்பா டீச்சர்?"

"தப்பில்ல" என்றாள் இவாஞ்சலின். கோம்பை வருகிற வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜனவரியில் ஆணை வந்தது. அழகுமலை அதைத் தன் அறையில் கதவைச் சாத்திவிட்டு வாசித்தார். தோகைக்கரடு அரசு உயர்நிலைப் பள்ளி நூறு விழுக்காடு பங்கேற்பை எட்டியமைக்கு இயக்ககம் பாராட்டுத் தெரிவிக்கிறது. அப்பங்கேற்புகள் அனைத்தும் அண்டை மாநில ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து பதிவாகியுள்ளதும், பள்ளி வளாகத்திலிருந்து ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பதும் ஆய்வில் தெரியவந்துள்ளது. ஆகவே ஓவிய வகுப்பானது பள்ளியின்றியும் ஆசிரியரின்றியும் சிறப்புற நடைபெறுவது ஐயமற நிறுவப்படுகிறது. பள்ளியைக் கலைக்க இயக்ககத்துக்கு அதிகாரம் இல்லாத நிலையில், ஓவிய ஆசிரியர் பணியிடம் மட்டும் உபரியாக அறிவிக்கப்படுகிறது. அப்பணியிடத்தைத் தோட்டத்துக்கு மாற்ற இயலுமா என்பது பரிசீலிக்கப்பட்டு, மாநில எல்லை காரணமாகக் கைவிடப்படுகிறது. சமூக வழிகாட்டியின் சேவை தொடரும்; வகுப்பைத் தொடங்கும் பொறுப்பும் இனி அவரையே சேரும்.

"நூறு வந்துருச்சே சார்" என்றாள் இவாஞ்சலின்.

"வந்துருச்சு டீச்சர். அதனாலதான்."

"ஒண்ணும் செய்ய முடியாதா?"

"மேல்முறையீடு செய்யலாம்னு கீழ போட்டிருக்காக. வண்ணத்திரள்லதான் செய்யணும். ஒங்க கணக்குக்குள்ள போயி."

"கணக்கைத்தான் பூட்டிட்டாகளே."

அழகுமலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை. வராந்தாவில் பிள்ளைகள் வழக்கம்போலக் குப்புறக் கிடந்தார்கள். டீச்சருக்குப் பொருள் என்று எடுத்து வைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கரித்துண்டு டப்பாவும் பரீட்சைத் தாள் கட்டும்தான். கணக்கு சார் தூணில் சாய்ந்து, அடுத்த வாரத்திலிருந்து தனக்கு வரப்போகிற பீரியட் முடியக் காத்திருந்தார். நல்ல மனிதர். கையில் வாய்ப்பாட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.

சினேகா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நாய்.

இவாஞ்சலின் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கறுத்த மூஞ்சி. எலும்பு தெரிகிற விலா. பின்னங்கால் மடங்க வேண்டிய இடத்தில் மடங்கியிருந்தது. அந்த நாய் தாளை விட்டு எழுந்து போக நினைத்தால் போகலாம். கால் அதைத் தாங்கும்.

நாற்பது நொடிக்கு மேல் பார்த்தாள். இன்று ஒரு நாளாவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதை மாம்பழத்துக்கும் மூன்று கால் மயிலுக்கும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். பாத்திரத்தைத் துழாவினால் அடியில் ஒன்றுமில்லை.

"வால் கொஞ்சம் நீளம்" என்றாள்.

சினேகாவின் முகம் மலர்ந்தது. "கால் சரியா டீச்சர்?"

"காலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

சினேகா தாளைப் பிடுங்கிக்கொண்டு வாலைத் திருத்த ஓடினாள். மணி அடித்தது. கணக்கு சார் தொண்டையைச் செருமினார். ஐந்து மணிக்கு ஜீப்புகள் இறங்கின, பெண்கள் உதிர்ந்தார்கள், நதியா மட்டும் ஓரமாக நின்று போனைக் காட்டி, "டீச்சர், இன்னைக்கு எண்ணு வந்துச்சு, நான் சக்கரம் போட்டு அனுப்பிச்சிட்டேன், ஒங்க வேலைக்கு ஒண்ணும் பயமில்லயே?" என்று கேட்டாள். இவாஞ்சலின் பயமில்லை என்றாள்.

நம்பாதவர்கள் தோகைக்கரட்டுக்குப் பேருந்து ஏறிப் போய்ப் பள்ளிக்கூடத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம். அங்கே பதிவேட்டின்படி ஓவிய ஆசிரியர் பணியிடம் பதினோரு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது, இவாஞ்சலின் என்று ஒருவர் வந்து சேர்ந்ததாக, அவள் அட்டை போட்ட வருகைப் பதிவேட்டிலேயே ஒரு கையெழுத்துக்கூட இல்லை.